தாம்பாளத்தில் நின்ற கல்

என் வீட்டுக்காரரைப் போல ஜாக்கிரதையான மனிதரை நான் பார்த்ததில்லை. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவரோடு பஸ்ஸில் போனால் படிக்கட்டுப் பக்கம் நிற்க விடமாட்டார். செவிலிமேட்டில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்த பிறகு, கேஸை மூடினோமா என்று திரும்பிப் போவார். நான் மூடினேன் என்று சொன்னால் போதாது, அவர் கண்ணால் பார்த்தால்தான் அது மூடியதாகக் கணக்கு. அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காஞ்சிபுரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் எங்களுக்குச் சாணை பிடிக்கிற கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஷட்டரைத் தூக்கினால் ஒரு மேஜை, மேஜைமேல் போல்ட் போட்டு இறுக்கிய மோட்டார், மோட்டாரின் இரண்டு பக்கமும் இரண்டு கல், அவ்வளவுதான். ஒரு பக்கம் முரட்டுக் கல், இன்னொரு பக்கம் நைஸ் கல். கத்தியும் அருவாமனையும் அவர் பிடிப்பார். கத்திரிக்கோல் என்னுடையது. கல்யாணமான புதிதிலேயே அந்த வேலை என் கைக்கு வந்துவிட்டது, அதில் அவருக்குப் பொறுமை போதாது.

தறிக்காரர் வீட்டுக் கத்திரிக்கோல்தான் இருப்பதிலேயே மோசம். திருகாணியைச் சுற்றிப் பட்டு நூல் சிக்கிக்கொண்டிருக்கும், பழைய ஜரிகை ஒட்டியிருக்கும். அதை ஊசியால் நோண்டி எடுத்த பிறகுதான் கல்லில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுகிற கல் நூலை இழுக்கும், நூல் விரலை இழுக்கும். இதை அவர் எனக்குத் தினமும் சொல்வார். கத்தி கொண்டுவருகிற பெண்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தால், "முந்தானைய சொருகிக்கினு தள்ளி நில்லுமா" என்பார். வேலை செய்யும்போது தோளில் துண்டு கூடாது, கையுறை கூடாது, கண்ணில் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. கல்லுக்குமேல் இருக்கிற இரும்பு மூடியை எடுத்துவிட்டு வேலை செய்கிற ஆட்களைப் பார்த்தால் யாரென்று பார்க்காமல் திட்டுவார்.

புதுக் கல் வாங்கினால் உடனே மாட்டிவிட மாட்டார். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டுவார். கணீரென்று கேட்டால் நல்ல கல். சப்பென்று கேட்டால் உள்ளே விரிசல். மாட்டிய பிறகும் ஒரு ஓரமாக நின்று சுவிட்சைப் போட்டு, கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டுத்தான் முன்னால் வருவார். "கெளம்பறப்பதான் கல்லு கோச்சிக்கும். ஓடிட்டா ஒண்ணும் பண்ணாது" என்பார். இத்தனை வருஷத்தில் அவர் கையில் ஒரு தழும்பு கிடையாது. மார்க்கெட்டில் அதைப் பெருமையாகக் காட்டுவார், நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எங்களிடம் எல்லா வீட்டுக் கத்தியும் வரும். கறிக்கடைக் கத்தி வரும், வாழை இலை அறுக்கிற கத்தி வரும், கல்யாணச் சமையல்காரர்கள் கோணிப்பையில் சுற்றி ஒரு கட்டாகக் கொண்டுவருவார்கள். ஒரு கோயில் மடப்பள்ளியிலிருந்தும் வரும். அதைக் கொண்டுவருகிற சமையல்காரர் நல்ல மனிதர். நாங்கள் எந்தத் தெரு என்று தெரிந்தும் ஒரு நாளும் முகம் மாறியதில்லை. ஒரு புரட்டாசி மாதம் அவர் வந்தபோது, கறிக்கடைக் கத்தி ஒன்று அப்போதுதான் கல்லிலிருந்து இறங்கியிருந்தது. அவர் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, சாமி நைவேத்தியத்துக்குக் காய் நறுக்குகிற கத்தி என்பதால் அதற்குத் தனியாக ஒரு கல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தன்மையாகச் சொன்னார். கத்தியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கோபித்துக்கொள்ளவில்லை.

அவர் வைதிருந்தால்கூட என் வீட்டுக்காரர் பதிலுக்கு வைதுவிட்டு மறந்திருப்பார். தன்மையாகச் சொன்னதுதான் உள்ளே போய்விட்டது. ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு யோசிப்பார். இத்தனை வருஷமாக ஒரே கல்லில் பிடித்து அனுப்பியிருக்கிறோமே என்பார். ஆடும் புடலங்காயும் இரும்புக்குத் தெரியுமா, நெருப்புப் பறக்கிற கல்லில் எந்தத் தீட்டு தங்கும் என்று நான் கேட்டேன். இந்த ஊரில் நம்மை உள்ளே விடாத காலத்திலும் நம் ஆட்கள் அறுத்த நெல்லைத்தானே பொங்கிப் படைத்தார்கள் என்றும் கேட்டேன். ஆயுத பூஜை வரட்டும், முரட்டுக் கல்லுக்கு முறையாக ஒரு அபிஷேகம் செய்துவிட்டால் கழிந்துவிடும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். பாலில் கழுவினால் கல் சைவமாகிவிடுமா என்று நான் சிரித்தேன்.

அதுவரை எங்கள் ஆயுத பூஜை சின்னதுதான். மோட்டாரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தால் முடிந்தது. அந்த வருஷம் மட்டும் அவர் கல்லின் மூடியைக் கழற்றினார். மூடிக்குப் பொட்டு வைத்தால் போதாது, வேலை செய்வது கல்தானே என்றார். அபிஷேகத் தண்ணீர் தரையில் சிந்தினால் யார் காலிலாவது படும். அதனால் பித்தளைத் தாம்பாளத்தைக் கல்லுக்குக் கீழே வைத்தார். சொட்டுகூடத் தெறிக்கக் கூடாதென்று அடியில் பலகை கொடுத்து, கல்லின் கீழ்ப்பாகம் தட்டுக்குள் இறங்கும்படி உயர்த்தினார். அதிலும் ஜாக்கிரதை.

பால் ஊற்றினார், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார், பன்னீர் தெளித்தார். ஊற்ற ஊற்றக் கல் உறிஞ்சியது. "பாத்தியா, சாமி ஏத்துக்குது" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அந்த மாதம் முழுக்கப் பார்க்கவில்லை. சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார். மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை படைத்ததை நகர்த்தக் கூடாது என்பது வழக்கம். அதனால் தட்டையும் நகர்த்தவில்லை. கல் ராத்திரி முழுக்க அந்தத் தண்ணீரில் நின்றது.

மறுநாள் விஜயதசமி. மாலையையும் தட்டையும் எடுத்தார். செருப்பை வாசலில் விட்டார், சட்டையைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார். கோயிலுக்குள் போகிற மாதிரியே எல்லாம். கடைசியில் கண்ணாடியையும் கழற்றி மேஜையில் வைத்தார். நான் ஏனென்று கேட்டேன். "சாமி மின்னாடி கண்ணாடி எதுக்குமா" என்றார். மூடியை மாட்டவில்லை, முதல் ஓட்டம் ஓடும்வரை பொட்டை மறைக்கக் கூடாதாம். நான் கற்பூரத் தட்டோடு கதவோரம் நின்றேன். அவர் கல்லுக்கு நேர் எதிரில் நின்று, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கும்பிட்ட கையோடு சுவிட்சைப் போட்டார். வருஷம் பூராவும் ஓரமாக நிற்கிற மனிதர், சாமிக்கு ஓரமாக நின்றா கும்பிடுவார்கள் என்று நேரே நின்றார்.

மோட்டார் வேகம் ஏறும்போதே சத்தம் சரியில்லை. மேஜை நடுங்கியது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கல் வெடித்துவிட்டது. ஒரு துண்டு ஷட்டரில் பட்டு, ஒரு துண்டு சுவரில் பட்டு, ஒரு துண்டு அவர் வலது கண்ணில் பட்டது. அவர் கத்தவில்லை. கையைக் கண்ணில் பொத்திக்கொண்டு, கும்பிடப் போகிறவரைப் போல மண்டியிட்டு உட்கார்ந்தார். அந்த உட்காருதல் இன்றைக்கும் என் கனவில் வருகிறது.

இங்கிருந்த ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷன் செய்தும் பார்வை வரவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நமஸ்காரம் முதலில் வந்தது, கண் பிறகு கெட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒற்றைக் கண் என்றால் என்னவென்று தெரிந்தது. டம்ளரில் டீ ஊற்றினால் டம்ளருக்கு முன்னால் தரையில் ஊற்றுவார். படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைப்பார், படி இருக்காது. பேப்பரை எடுத்தால் எழுத்து ஓடுகிறதென்று மடித்து வைத்துவிடுவார். கடைக்கு வந்து ஒரு கத்தியை எடுத்துப் பார்த்தார். கல்லுக்கும் கத்திக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னும் தொடவில்லை என்று நினைக்கும்போதே கத்தி மோதித் தெறித்தது. விளிம்பு கருநீலமாகக் காந்திப் போயிற்று. அவர் கத்தியைத் தண்ணீரில் போட்டுவிட்டு நகர்ந்து நின்றார். அதிலிருந்து இரண்டு கல்லும் என் கைக்கு வந்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற கத்தியை வாங்கி வைப்பார், பிடித்த கத்தியைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எல்லாவற்றையும் ஒரே கல்லில் பிடித்தால் சாமி சும்மா இருக்குமா என்று யாரோ சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. பாவம் அந்த மடப்பள்ளிச் சமையல்காரர், விஷயம் தெரிந்து ஓடிவந்து, தான் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் அவருக்கு ஆறுதல் சொன்னார். குற்றம் தன்னுடையது, சாமி தண்டித்துவிட்டது, இத்தோடு விட்டதே என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்திரிக்கோலை மேஜையில் போட்டு உடைத்திருப்பேன்.

புதுக் கல் வாங்க வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிற கடைக்கு இரண்டு பேரும் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்தக் கடைக்காரர்தான் விளக்கினார். "இந்தக் கல்லு தண்ணி குடிக்கும்பா. ராத்திரி பூரா ஒரு பக்கமா தண்ணில நின்னா அந்தப் பக்கம் கனமாய்டும். அப்டியே சுத்தவுட்டா ஆட்டம் எடுத்து வெடிக்கும். இதுல சாமி எங்க வந்துது" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் புதுக் கல்லை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். கடைக்காரர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் அவ்வப்போது கேட்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது திடீரென்று, "தண்ணிதான்றியா?" என்பார். தண்ணிதான் என்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "வேற ஒண்ணும் இல்லயே?" என்பார். இல்லை என்பேன். எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். தண்ணீர் என்று முடிவானால் அது விபத்து. ஆனைக்கும் அடி சறுக்கும், ஜாக்கிரதையான மனிதர் ஒரு நாள் தவறிவிட்டார், அவ்வளவுதான். தண்ணீர் இல்லையென்றால் அவர் பாவி. பாவி என்று தன்னை நினைத்துக்கொண்டிருக்கிற மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படியென்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சோறு அளவாகத்தான் தின்பார், பாய் இல்லாமல் படுப்பார், யார் எது சொன்னாலும் சரி என்பார். தண்ணீரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்த பிறகு கொஞ்சம் மாறினார். முடி வெட்டிக்கொண்டார். ஒரு நாள் நான் கத்திரிக்கோல் பிடிக்கும்போது கோணம் தப்பு என்று திட்டினார், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. போன வருஷம் எப்படியோ அப்படியே செய்யப் போகிறேன் என்றார். முரட்டுக் கல், மூடி இல்லாமல், பால், மஞ்சள் தண்ணீர், தாம்பாளம் எல்லாம். கடைக்காரர் சொன்னது மறந்துவிட்டதா என்று கத்தினேன். மறக்கவில்லை என்றார். இருக்கிற ஒரு கண்ணையும் கொடுத்தால்தான் அந்தச் சாமிக்குப் போதுமா என்றேன். கல்லை வேண்டுமானால் குளிப்பாட்டுங்கள், ஓட்டுவதையாவது நான் ஓரமாக நின்று ஓட்டுகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நீ தள்ளி நின்னுக்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

பக்தி முற்றிப் பைத்தியமாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். தடுக்க முடியாததைத் திருட வேண்டியதுதான். அவருக்குத் தெரியாமல் அதே அளவில் இன்னொரு கல் வாங்கி வந்தேன். ஓட்டையில் விரல் விட்டுத் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. துணிப்பையில் போட்டு, கடை மேஜையின் அடியில் பழைய கோணிகளுக்குள் வைத்தேன். பூஜை அன்று சாயங்காலம் அவர் பால் ஊற்றினார், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார், தட்டில் கல் நின்றது. நான் பக்கத்திலேயே நின்று எந்த இடத்தில் எவ்வளவு பெரிய பொட்டு வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டேன்.

விடிந்ததும் கடை வாசலைத் தெளித்துக் கோலம் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் போனேன். மாலையைக் கழற்றி, தட்டை எடுத்து மேஜையடியில் வைத்தேன். நட்டைக் கழற்றி ஊறின கல்லை வெளியே எடுத்தேன். கையில் பிடித்தபோதே கனம் ஒரு பக்கமாக இழுத்தது. அதைத் துணிப்பைக்குள் தள்ளிவிட்டு, காய்ந்த கல்லைக் காகித வாஷரோடு மாட்டி இறுக்கினேன். ஓரமாக நின்று கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். நிறுத்திய பிறகு அதே இடங்களில் பொட்டு வைத்து, மஞ்சள் தண்ணீரில் விரலைத் தொட்டு மேலே பூசி, மாலையைப் போட்டேன். நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

அவர் குளித்து, விபூதி பூசி வந்தார். தட்டை எங்கே என்று கேட்டார். கோலம் போடும்போது இடித்துவிடுமோ என்று இப்போதுதான் எடுத்து வைத்தேன் என்றேன்.

"ராத்திரி பூரா தண்ணிலதான நின்னுது?"

நின்றது என்றேன். பொய்யில்லையே. அந்தக் கேள்வி எதற்கு என்று அப்போது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் மாலையை எடுத்தார், செருப்பை விட்டார், சட்டையைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார். நேர் எதிரில் நின்றார். சுவிட்சைப் போட்டார்.

கல் ஓடியது. மேஜை அசையவில்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரே சீரான சத்தம். எனக்கு உள்ளே அப்பாடா என்று ஒரு குளிர்ச்சி. கண் தப்பியது. இனி இந்த மனிதர் அடுத்த வருஷம் வரை பேசாமல் இருப்பார் என்று நினைத்தேன். அவர் நகரவேயில்லை. இருக்கிற கண்ணை இமைக்காமல் கல்லையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு சுவிட்சை அணைத்து, கல் முழுசாக நிற்கும்வரை காத்திருந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தண்ணி இல்லமா" என்றார். "அதே தண்ணி, அதே மாதிரி கல்லு. தண்ணியா இருந்தா இதுவும் வெடிச்சிருக்கணும். நான்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் செய்தது பூஜையே இல்லை. ஒரு வருஷமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைத் தீர்த்துக்கொள்ள, மிச்சமிருந்த ஒரு கண்ணை வைத்துப் பரீட்சை பார்த்திருக்கிறார். கல் வெடித்தால் தண்ணீர், வெடிக்காவிட்டால் பாவம். வெடிக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கண் போனாலும் பரவாயில்லை, தான் பாவியில்லை என்று தெரிந்தால் போதும் என்று நின்ற மனிதரிடமிருந்து அதை நான் பிடுங்கிவிட்டேன்.

வாயைத் திறந்தேன். நான் மாற்றிவிட்டேன், இது வேறு கல் என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியிலேயே அதற்கடுத்து அவர் என்ன செய்வார் என்றும் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டேன். சரி என்றார்.

அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. தண்ணியா என்று கேட்பதும் நின்றுவிட்டது. நான் மட்டும் போகிறேன். கறிக்கத்தியையும் மடப்பள்ளிக் கத்தியையும் அதே கல்லில்தான் பிடிக்கிறேன், யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவர் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் வைத்ததைச் சாப்பிடுவார். கேஸை மூடினேனா என்று இப்போது பார்ப்பதுகூட இல்லை.

இதை அவர் படிக்கமாட்டார், அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஊறின கல்லைச் சுத்தியால் தூள்தூளாக உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன், அதனாலும் பிரயோஜனமில்லை, கடையில் கல்லுக்கா பஞ்சம். சொல்லிவிடலாம் என்று பல நாள் சோறு போடும்போது தொண்டை வரை வந்திருக்கிறது. சொன்னால் அவர் என்மேல் கோபப்படமாட்டார், அழமாட்டார். எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டு, பால் வாங்கி வா என்பார்.